ஆளுக்கு நூறு வாட்

என்னை முதன்முதலில் பார்த்த அன்று மதாம் என் பேரைக் கேட்கவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ நூத்தி இருபது வாட் இருப்ப" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதை நேற்றுக் குடிவந்தவர் நடுத்தெருவில் நின்று சொல்ல வேண்டுமா? "என்னா மதாம், லைட்டுக் கடைல வேலை பாத்தீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷ உடம்பு ஒன்று பழைய நூறு வாட் குண்டு பல்பு அளவுக்குச் சூடு விடுமாம். நான் நாள் முழுக்க அடுப்படியில் நின்று பால் கிண்டுகிறவள் என்று கேள்விப்பட்டதால் இருபது சேர்த்துப் போட்டாராம். "இதுல கோவப்பட என்னா இருக்குது?" என்று கேட்டுவிட்டு, அகலத் திறந்து கிடந்த என் வாசல் கதவைப் பார்த்தார். போகிற போக்கில் அதை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.

என் வீட்டுக் கதவை! முத்தியால்பேட்டையில் காலையில் பால்காரருக்குத் திறக்கிற கதவைப் படுக்கப் போகும்போதுதான் சாத்துவோம். நடுவில் சாத்தியிருந்தால் உள்ளே சண்டை என்று அர்த்தம். அன்று சாயந்திரத்துக்குள் எதிர்வீட்டு அக்கா, பக்கத்து டெய்லர், கீரைக்காரம்மா மூன்று பேரும் தனித்தனியாக வந்து, "ஊட்டுல ஒண்ணும் பிரச்சினை இல்லியே?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மதாம் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிட்டது. பிள்ளைகள் மட்டும் முதுகுக்குப் பின்னால் பிரெஞ்சு ஆயா என்பார்கள். காதில் விழுந்தால் துரத்துவார். பிறந்தது இதே ஊரில்தான். ஒரு சொல்தாவைக் கட்டிக்கொண்டு பிரான்ஸ் போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அங்கே ஒரு கட்டடக் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து, குளிர்காலத்தில் வீட்டுச் சுவர் வழியாக எவ்வளவு சூடு வெளியே ஓடிப்போகிறது என்று கணக்குப் போடுவதுதான் அவருடைய உத்தியோகம். முப்பது வருஷத்துக்கு மேல் அதையே செய்திருக்கிறார். சொல்தா போய்ச் சேர்ந்தபின், பிரான்ஸில் கட்டிய ஒரு முன்பல்லோடும் யாருக்கும் அடங்காத வாயோடும் ஊர் திரும்பினார். அந்தப் பல்லின் மேல் அவருக்கு ஏகப்பட்ட கர்வம். சிரிக்கிறபோது மேலுதட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவார்.

அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சூட்ட வெளிய உடாம புடிச்சு வச்சுக்கறதுக்கு ஒரு ஆபீஸா? எங்க சூட்ட எடுத்துகினு போங்கடான்னு நாங்க சும்மாவே குடுப்பமே?"

"நோன், இல்ல. சூடு தானா குடுத்தாலும் போவாது. எங்க சூடு கம்மியோ அங்கதான் போவும். உன் வாய்க்கெல்லாம் பயப்படாது" என்றார்.

அவர் கணக்குக்கு நாலே கேள்விதான். சுவர் எத்தனை சதுரம்? அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் சூட்டில் எவ்வளவு வித்தியாசம்? சுவர் எவ்வளவு கனம்? அது என்ன சரக்கு? இந்த நாலும் தெரிந்தால் போதும், எந்தச் சுவரும் தன்னிடம் பொய் சொல்ல முடியாது என்பார். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தடுக்கிற சூட்டை அரை அங்குலத் தெர்மாகோல் தடுத்துவிடும் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பெட்டியில் டிவி உடையாமல் இருக்க வைத்து, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் பிய்த்துப் போடுகிற அந்த வெள்ளைச் சனியனா?

கணக்கைக் காகிதத்தில் போடும் பழக்கம் அவருக்குக் கிடையாது. எந்தச் சுவரைப் பற்றிய கணக்கோ அந்தச் சுவரிலேயே சாக்பீஸால் போடுவார். யார் வீட்டுச் சுவர் என்றெல்லாம் பார்ப்பதில்லை. ஒருமுறை முனைவீட்டுச் சுவரில் முழம் நீளத்துக்குப் போட்டு வைத்தார். அது தேர்தலுக்காக ஒரு கட்சிக்காரர் வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பேரை எழுதி, பிடித்து வைத்திருந்த சுவர். அவர் நாலு பேரோடு வந்து, "யாரு இத கிறுக்கினது?" என்று கத்தினார். மதாம் காபி டம்ளரோடு வெளியே வந்தார்.

"நான்தான். மேற்க பாத்த சுவரு. உள்ள படுத்திருக்கற பெரியவரு வெந்துகினு இருக்காரு. உன் ஆட்சி வந்தா என்னா பண்ணுவ?"

கட்சிக்காரர் கூட வந்தவர்களைப் பார்த்தார். "நாலு பேரு, நானூறு வாட்டு. வெயில்ல கூட்டினு வந்து நிக்க வச்சிருக்க. நகருங்கப்பா, சுவருக்குக் காத்து வரட்டும்" என்றார் மதாம். அவர்கள் போய்விட்டார்கள். கணக்கு அழியாமல் அப்படியே இருந்தது. அந்தத் தேர்தலில் எங்கள் தெருச் சுவரில் ஓட்டுக் கேட்டது அந்தக் கணக்கு ஒன்றுதான்.

இந்த மனுஷியிடம் நான் மாட்டிக்கொண்டது மாசி மகத்தால்.

நானும் என் வீட்டுக்காரரும் வீட்டுப் பின்கட்டில் குல்ஃபியும் குச்சி ஐஸும் போடுகிறோம். தள்ளுவண்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய் பீச்சில் விற்பார்கள். வருஷத்தில் எங்களுக்குப் பெரிய நாள் மாசி மகம். எங்கெங்கோ இருக்கிற ஊர்ச் சாமியெல்லாம் லாரியிலும் டிராக்டரிலும் ஏறி வைத்திக்குப்பம் கடற்கரைக்குக் குளிக்க வரும். சாமி பின்னால் சனம். சனத்துக்குத் தாகம். இதில் ஒரே ஒரு இடைஞ்சல்தான். அலங்காரம் உயரமாக இருப்பதால் கம்பி தட்டாமலிருக்கத் தெருவுக்குத் தெரு கரன்ட்டை நிறுத்திவிடுவார்கள். சாமி ஒன்றா இரண்டா? ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் கரன்ட் வராது. எங்கள் ஐஸ் விற்கவேண்டிய அதே நாளில்தான் எங்கள் ஐஸ் பெட்டி சாகும்.

மதாம் வந்ததற்கு முந்தைய மகத்தில் அதுதான் நடந்தது. பெட்டியில் இருந்த அத்தனையும் மத்தியானத்துக்குள் பாயசம். வண்டிக்காரர்களுக்குத் தலைவன் மாதிரி இருக்கிற பாபு, தன் வண்டிப் பெட்டியைச் சாக்கடையோரம் கவிழ்த்தான். தெருவில் ரோஸ் கலரும் பச்சையுமாக ஓடியது. அந்த வருஷம் எறும்புகள்தான் மாசி மகம் கொண்டாடின. போகும்போது பாபு, "அக்கா, அடுத்த மகத்துக்கும் இப்டி ஆச்சுன்னா நாங்க உழவர்கரை ஐஸ் கம்பெனிக்குப் போய்டுவோம். கோச்சுக்காதீங்க" என்றான்.

கோபித்துக்கொண்டு என்ன செய்ய? வண்டிக்காரர்கள் போனால் கம்பெனி போச்சு. கம்பெனி போனால் என் வீட்டுக்காரரின் அண்ணன் தயாராக இருந்தார். அவருக்கு டவுனில் ஜவுளிக்கடை. "அதான் உருகிப் போச்சே, மூடிட்டு நம்ம கடைக்கு வந்துடும்மா. காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் சேலை மடிக்கிற வேலை, ஃபேனு காத்து" என்று பார்க்கிறபோதெல்லாம் சொல்வார். பிரியமாகத்தான் சொல்வார், அதுதான் இன்னும் எரியும். மற்றவர்கள் பிரித்துப் போட்ட சேலையை மடித்துக்கொண்டே கிழவியாவதா? நான் போடுகிற பாதாம் குல்ஃபியைச் சாப்பிட்டுவிட்டு ஒரு வாய் பேசாமல் இரண்டாவது கேட்டவர்கள் உண்டு. என் கை ருசியை நான் விடுவதாக இல்லை.

அதனால் பின்கட்டு அறையையே ஐஸ் ரூமாக்கிவிடலாம் என்று முடிவெடுத்தோம். கரன்ட் போனாலும் ஒரு பகல் தாங்குகிற ரூம். மதாம் தானாகவே வந்து நின்றார். "உள்ள மைனஸ் பதினெட்டு. வெளிய சித்திரை வெயிலு. அலோர், அப்பறம் என்னா, இது கணக்கு! அங்க இருவது டிகிரி வித்தியாசத்துக்கே ஆபீஸ்ல மூஞ்சி தொங்கிப்போவும்" என்று சேலை முந்தானையை இடுப்பில் செருகினார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாலு சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் சாக்பீஸ். மேற்குச் சுவருக்கு மட்டும் வெயிலுக்காகத் தனியாகக் கொஞ்சம் சேர்த்துப் போட்டார். எந்தச் சுவருக்கு எத்தனை அங்குலத் தெர்மாகோல் என்று வட்டம் போட்டுக் காட்டினார்.

வேலைக்கு வந்தவர் கல்யாண மேடையில் தெர்மாகோலில் மணமக்கள் பேர் வெட்டுகிறவர். ஐஸ் ரூம் அவருக்கும் புதுசு. செங்கல் சுவரின் உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டவேண்டும். ஈரம் புகாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டு, கடைசியில் கம்பிவலை வைத்துப் பூசவேண்டும். "ஷீட்டு தெர்மாகோலுக்கு முன்னாடியா, பின்னாடியா மதாம்?" என்று அவர் கேட்டார்.

மதாம் யோசிக்கக்கூட இல்லை. "ரூமு பக்கம். எப்பவும் ரூமு பக்கம். தெர்மாகோலு ஒட்டி, அதுக்கு மேல ஷீட்டு, அதுக்கு மேல பூச்சு. கண்ண மூடிகினு ஒட்டு" என்றார்.

ஆடியில் ரூம் தயார். மைனஸ் பதினெட்டு வந்தது. மெஷின் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். மதாம் அது நிற்கிற நேரத்தை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் குல்ஃபியை மட்டும் ஒரு தடவைகூட வாயில் வைக்கமாட்டார். "என் பல்லு பாரீஸ் பல்லு. உன் குல்ஃபி கல்லு" என்பார். எனக்கு அதில் மனத்தாங்கல்தான்.

அந்த நாட்களில் அவரைப் பிடிக்க முடியாது. ஆவணியில் டெய்லர் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் முகூர்த்த நேரத்துக்கு எல்லாரும் அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மதாம் தலைகளை எண்ணி முடித்துவிட்டுச் சத்தமாக, "முன்னூறு பேரு, முப்பதாயிரம் வாட்டு. ரெண்டு ஏசிய மாட்டிட்டு என்னா கிழிக்கப் போறாங்க? பாதிப் பேரு வெளிய போனா மாப்பிள்ளைக்கு வேர்வை நிக்கும்" என்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் திரும்பிப் பார்த்தார். "நீங்க முதல்ல போலாம், நீங்க நூத்தி முப்பது" என்றார் மதாம். சண்டை வராமல் நான்தான் அவரைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டுக் கூடத்திலும் கதவு திறந்திருந்தது. எழுந்துபோய்ச் சாத்தினார். சாம்பார் வாளியோடு வந்தவர் அதில் முட்டிக்கொண்டார்.

அப்புறம் மழை வந்தது. ஐப்பசி முழுக்க ஊற்றியது. கார்த்திகையில் மெஷின் நிற்பதைக் குறைத்தது. மார்கழியில் நிற்கவே இல்லை. ஒருநாள் காலையில் ரூமுக்குள் போனேன். மேற்குச் சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. நான் இரண்டு பிள்ளை பெற்றவள், அந்த வயிற்றைப் பார்த்தால் எத்தனை மாசம் என்று சொல்லியிருப்பேன்.

மதாம் வந்து விரலை மடக்கித் தட்டினார். சத்தம் வரவில்லை. என் வீட்டுக்காரர் பூச்சை ஓர் இடத்தில் கொத்தி, உள்ளேயிருந்து ஒரு துண்டுத் தெர்மாகோலைப் பிடுங்கினார். பஞ்சு மாதிரி இருக்கவேண்டியது கனத்துக் கிடந்தது. உள்ளெல்லாம் ஐஸ். சுவருக்குள்ளேயே நாங்கள் ஐஸ் போட்டிருக்கிறோம், அதுவும் விற்க முடியாத ஐஸ்.

மதாம் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிரெஞ்சில் ஒரு வார்த்தை சொன்னார். என்ன அர்த்தம் என்றேன். "சாணி. அதவிட கொஞ்சம் மோசம்" என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"அங்க பிரான்ஸ்ல சூடு ரூமுக்குள்ள இருக்கும், குளிரு வெளிய. ஈரம் எப்பவும் சூடு இருக்கற பக்கத்துலேருந்துதான் சுவருக்குள்ள பூரும். அதனால ஷீட்ட ரூமு பக்கம் போடுவோம். முப்பது வருஷமா அதத்தான் எழுதினேன். இங்க சூடு வெளிய இருக்குது. மழைக்காத்து அத்தனையும் வெளியேருந்து உள்ள வந்திருக்குது. தெர்மாகோல் குடிச்சிருக்குது. அப்பால போவவும் வழியில்லாம நான் ஷீட்ட போட்டு அடைச்சு வச்சிருக்கேன்." துண்டிலிருந்த ஐஸை நகத்தால் சுரண்டினார். "கணக்கு சரி. ஊருதான் தப்பு. இந்த ஊர்ல பொறந்தவ நான்."

எனக்குப் பாவமாக இருக்கவேண்டும். இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. மாசி மகத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். "கண்ண மூடிகினு ஒட்டுன்னு சொன்னீங்களே மதாம்! கண்ணத் தொறந்து வெளிய பாத்திருந்தா வெயிலு தெரிஞ்சிருக்குமே!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். வெளியே போகும்போது என் வாசல் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார். 

மறுநாள் பொழுது விடிந்ததும் பின்கட்டில் தட்தட் என்று சத்தம். போய்ப் பார்த்தால் மதாம், நைட்டிக்கு மேல் சொல்தாவின் பழைய பட்டாளக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கடப்பாரையால் மேற்குச் சுவரின் பூச்சைப் பேர்த்துக்கொண்டிருக்கிறார். "தப்பு பண்ணது நான், ஒடைக்கறதும் நான்தான். நீ போய் பால் கிண்டு" என்றார். கையெல்லாம் சிராய்ப்பு. கடப்பாரையைப் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. பிறகு நானும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் சுவரைத் திட்டிக்கொண்டே உடைத்தோம், அவர் பிரெஞ்சில், நான் முத்தியால்பேட்டைத் தமிழில். என்னுடையதுதான் நீளம்.

திரும்பக் கட்டினோம். முதலில் செங்கல் மேல் தார், தார் மேல் ஷீட், அதற்கப்புறம் தெர்மாகோல், கடைசியில் பூச்சு. ஆனால் மதாம் பழைய மதாமாக இல்லை. கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, கல்யாண மேடைக்காரரிடம், "நீங்க என்னா நினைக்கறீங்க?" என்று கேட்டார். அந்த மனுஷன் பயந்துபோய் என்னைப் பார்த்தார். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்களை எண்ணவில்லை. வாசல் கதவுகள் திறந்து கிடந்தன, அவர் பாட்டுக்குத் தாண்டிப் போனார். தெரு நிம்மதியாக இருக்கிறது என்று டெய்லர் சொன்னார். எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவே இல்லை.

நடுவில் அவர் செத்த கதையைச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் அழுகை வரும். போன வருஷம் தூக்கத்தில் போய்விட்டார். பிரான்ஸிலிருந்து மகள் வரவேண்டும் என்று ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாடகைப் பெட்டி, ஓரத்து ரப்பர் பிய்ந்து, கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்துக்கொண்டிருந்தது. அது போதாதென்று வருகிற சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு மூடியைத் தூக்கி முகத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தூக்கினதை அப்படியே விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். "மூடுங்க! எல்லாரும் வெளிய போங்க! முப்பது பேரு, மூவாயிரம் வாட்டு!" என்று கத்திவிட்டேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு அம்மா சோடா வாங்கிவர ஆள் அனுப்பினார். உயிரோடிருக்கும்போதே மதாம் சொல்லியிருக்கிறார்: "என்னை கருவடிக்குப்பத்துக்குக் கொண்டு போறன்னிக்குத்தான் நான் முழு வாட்டுல எரிவேன். அன்னிக்கு மட்டும் கணக்கு கேக்காத." சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்றார்கள். நான் கேட்கவில்லை, சாலையோரம் நின்று புகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

சரி, மாசி மகத்துக்கு வருகிறேன்.

விடியற்காலையில் வண்டிக்காரர்கள் முதல் சுற்றுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மத்தியானம் இரண்டாவது சுற்று, அதில்தான் வியாபாரமே. முதல் சாமி தெருமுனைக்கு வந்ததும் கரன்ட் போனது. மெஷின் நின்றது. வெளியில் மாட்டியிருந்த, டிகிரி காட்டுகிற பெட்டியும் செத்துப்போனது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி கதவைத் திறப்பது. திறந்தால் கடற்காற்று அத்தனையும் உள்ளே.

மதாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"தாங்குமா மதாம்?"

"கணக்குப்படி பொழுது சாயற வரைக்கும் ஒண்ணும் ஆவாது." கையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "போன தடவையும் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியல கௌரி."

எனக்குத் தெரியல என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். 

என் வீட்டுக்காரர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து, "லைட்டா தொறந்து பாத்துரலாமா? ஒரு இஞ்சு?" என்றார். ஜவுளிக்கடை அண்ணன் சாமி பார்க்க வந்தவர், அப்படியே பின்கட்டுக்கும் வந்து, "பரவால்லம்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று ஆறுதலை முன்கூட்டியே சொல்லிவிட்டு நின்றார். உச்சிவெயிலில் பாபு வந்தான், பின்னால் இரண்டு வண்டிகள்.

"அக்கா, தொறங்க. நல்லா இருந்தா ஏத்தறோம். இல்லன்னா சொல்லிடுங்க, உழவர்கரைல கேட்டு வச்சிருக்கேன்."

"மத்த வண்டியெல்லாம் எங்க?"

"கூட்டத்துல மாட்டினு இருக்கானுங்க. நீங்க எனக்குக் காட்டுங்க முதல்ல."

மதாமைப் பார்த்தேன். திறக்காதே என்று அவர்தான் சொல்லவேண்டும், ஊரையே அதட்டின அந்த வாய்தான் சொல்லவேண்டும். அவர் என்னைப் பார்த்தார். "உன் ஐஸு. நீ சொல்லு" என்றார். 

எனக்கு வந்ததே ஒரு கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. "தொறக்க மாட்டேன்" என்றேன். "எல்லா வண்டியும் வரட்டும். ஒரே தடவைதான் தொறப்பேன். அவங்க கணக்குப் போட்டிருக்காங்க. சாயந்திரம் வரைக்கும் தாங்கும்."

"போன தடவையும் அவங்கதானக்கா போட்டாங்க?" என்றான் பாபு. தெருவுக்கே அந்தக் கதை தெரியும்.

"ஆமா. தப்புன்னு தெரிஞ்சதும் ஒடைச்சதும் அவங்கதான். உன் உழவர்கரைல எவன் அப்டி ஒடைச்சான்? போறதுன்னா போ!"

பாபு போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வண்டி நிழலில் குந்தினான். ஒவ்வொரு சாமியாகப் போனது. ஒவ்வொரு வண்டியாக வந்தது. மதாமின் கை சுவரிலேயே இருந்தது. கடைசி வண்டி உள்ளே நுழைந்ததும், எல்லாரும் வரிசையாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். நான் கைப்பிடியைப் பிடித்தேன்.  இழுத்தேன்.

வெள்ளையாகப் புகை வந்து காலில் விழுந்தது. எட்டிக் கையை விட்டு, கைக்குக் கிடைத்த ஒரு குல்ஃபியை எடுத்தேன். கெட்டியாகத்தான் தெரிந்தது. என் விரல் மரத்துவிட்டதால் என்னால் நிச்சயமாகச் சொல்லமுடியவில்லை.

"இங்க குடு" என்றார் மதாம். "கைய நான் நம்ப மாட்டேன்." வாங்கினார். கண்ணை மூடினார். என் குல்ஃபியை ஒருநாளும் தொடாதவர், முன்பல்லால் ஒரே கடி கடித்தார்.

டக் என்று சத்தம். பாபு பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். மதாம் வாயில் விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பாரீஸ் பல். பாதி அவர் வாயில், பாதி கையில். குல்ஃபியில் ஒரு கீறல்கூட இல்லை.

முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. அவர்தான் ஆரம்பித்தார். மேலுதட்டைத் தூக்கி, அந்த ஓட்டையைக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எனக்கும் கொட்டியது. பாபு, "கல்லு மாதிரி இருக்குதுடா!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கூவினான். ஜவுளிக்கடை அண்ணன் சாமி பார்க்கப் போனார். நான் அந்தப் பல்லையும் அந்த முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றேன். இந்தக் கிழவி எனக்கு எவ்வளவு வேண்டியவள் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

மதாம் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பின்னால் பார்த்தார். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. ஓட்டைப் பல் வழியாகக் காற்று சீறத் தெருவே அதிரும்படி கத்தினார்:

"கதவ மூடுடி!"